கீழ்க்காய்நெல்லியும் கல்லீரலும்

ஊவாவின் பசறை, லுணுகலைத் தோட்டங்களில் கண் மஞ்சளித்தால் இன்றும் பலர் முதலில் தேடுவது கீழ்க்காய்நெல்லியைத்தான். அதைக் கேலி செய்யத் தேவையில்லை. ஆய்வுகூடமே அந்தச் செடியைச் சோதித்திருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் எஸ்.பி.தியாகராஜன், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூச் புளும்பர்க்குடன் சேர்ந்து 1988இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். வைரஸைச் சுமந்திருந்த 37 பேர் 30 நாள் இந்த மூலிகைப் பொடியை உண்டனர்; 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே அப்படி நடந்தது. பின்னர் பிற நாடுகளில் செய்த சோதனைகள் அந்தப் பலனைத் தரவில்லை. தியாகராஜனுக்கு இதில் இழுக்கில்லை. மரபு வைத்தியத்தைச் சோதனைக்கு நிறுத்தும் துணிவு அரிது.

பெரும்பாலும் தானே ஆறிவிடும் ஹெபடைடிஸ் ஏ வகைக் காமாலை குணமானாலும் பெயர் என்னவோ செடிக்கே போகிறது! பி வகையோ ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்து கல்லீரலைச் சுருக்கக்கூடும்.

பி வகைக்கு எதிராக நோயெதிர்ப்பு ஆற்றலை முன்கூட்டியே தயார்ப்படுத்தும் தடுப்பூசி, 2003 முதல் இலங்கைக் குழந்தைகளின் தேசியத் திட்டத்தில் உள்ளது. அதற்கு முன் பிறந்த தொழிலாளர்களுக்கு இரத்தப் பரிசோதனையும் தடுப்பூசியும் தோட்ட மருந்தகங்களிலேயே கிடைக்க ஊவா சுகாதார அதிகாரிகள் வழிசெய்ய வேண்டும்.