மூன்று கட்டைக்குக் கீழே



மூன்று இதழ்களுக்கு முன்பு இந்தப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். முகூர்த்த மாதங்களில் என் சனிக்கிழமை இரவுகள் கல்யாண வரவேற்பு மேடைகளில், பேஸ் கிட்டாரோடு கழிகின்றன என்று. அந்த இதழின் அட்டைப்படக் கட்டுரைக்கு வந்ததைவிட அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் அதிகம். கட்டுரையை எழுதிய உதவி ஆசிரியர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

‘கிட்டார் தெரியும், அதென்ன சார் பேஸ் கிட்டார்?’ என்றுதான் பலரும் கேட்டிருந்தார்கள். நெல்லைப் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் மட்டும் நேராக விஷயத்துக்கு வந்திருந்தார். ‘எங்க பேண்டுல ஏற்கெனவே ரெண்டு கிட்டார் இருக்கு. அதனால என்னை பேஸ் வாசிக்கச் சொல்றாங்க. கையில பன்னிரண்டாயிரம் ரூபா இருக்கு. எதை வாங்கலாம்?’ அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அது நீண்டுகொண்டே போனதால் பக்கத்தையே அவருக்குக் கொடுத்துவிட்டேன். மற்றவர்களும் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

தம்பி, ‘இடம் காலியா இருந்துச்சு, தள்ளிவிட்டாங்க’ என்ற வருத்தம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அது வேண்டாம். 1960-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர விடுதிகளில் இரவிரவாக அடுத்தவர் பாட்டுகளை வாசித்துக்கொண்டிருந்த பீட்டில்ஸ் குழுவில் பேஸ் வாசித்தவர் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் என்ற ஓவியர். மறுவருஷம் அவர் ஓவியம் படிக்கப் போய்விட்டார். கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த பால் மெக்கார்ட்னி, வேறு ஆள் இல்லாததால் பேஸுக்கு மாறினார். இடக்கைக்காரர் என்பதால், தலைகீழாகப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாத, வயலின் வடிவ ஹோஃப்னர் ஒன்றை அங்கேயே வாங்கினார். 1972-ல் களவுபோன அந்த பேஸ் திரும்பக் கிடைத்துவிட்ட செய்தி 2024 பிப்ரவரியில் வந்தது. அன்றைக்கு எங்கள் குழுவின் வாட்ஸப்பில் ஒரு கல்யாண வீட்டுக் களை.

என் கதையும் அப்படித்தான். இரண்டு கிட்டார்காரர்கள் இருந்தார்கள். இரண்டு பேரும் என்னைவிட நன்றாக வாசித்தார்கள்.

ஆனால் பேஸ் என்ற ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு வெகுகாலம் தெரியாது. எங்கள் ஊர் கோயில் நோன்பிக்குக் கட்டுவது கூம்பு ஸ்பீக்கர். பாடகர் குரலும் வயலினும் மூன்று மைல் தாண்டிக் கேட்கும். கீழ் ஸ்தாயி அதில் வராது, அந்தக் கூம்பு அதற்குப் போதாது. இளையராஜாவின் பாட்டுகளை எட்டு வயதிலிருந்து இப்படிப் பாதியாகவே கேட்டிருக்கிறேன். பத்தாவது படிக்கும்போது பொள்ளாச்சியிலிருந்து கோவைக்குப் போகிற ஒரு தனியார் பஸ்ஸில், கடைசி சீட்டில், தலைக்கு மேலே ஒரு பெரிய பெட்டி ஸ்பீக்கருக்கு அடியில் இடம் கிடைத்தது. ‘நினைவெல்லாம் நித்யா’ படத்தின் ‘பனிவிழும் மலர்வனம்’ ஓடிக்கொண்டிருந்தது. பாட்டுக்குள் இன்னொரு பாட்டு நடந்துபோய்க்கொண்டிருந்தது. பாடகரைப் பின்தொடராமல், தன் போக்கில் ஏறி, இறங்கி, சரியான இடத்தில் வந்து சேர்ந்துகொள்கிற ஒரு ஆள். கிணத்துக்கடவு தாண்டியது எனக்குத் தெரியாது.

அந்த ஆள் யார் என்று கேசட் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இசையமைப்பாளர், கவிஞர், பாடகர்கள், அவ்வளவுதான். இளையராஜாவுக்குப் பல வருஷங்கள் பேஸ் வாசித்தவர் சசிதரன் என்பதையே கல்லூரி முடித்த பிறகு ஒரு கீபோர்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ரஹ்மானின் ஆல்பங்களில் வாத்தியக்காரர்களின் பெயர்கள் அச்சாகத் தொடங்கிய பின் கீத் பீட்டர்ஸ் என்ற சென்னைக்காரரை எல்லோருக்கும் தெரிந்தது. அமெரிக்காவிலும் இதே கதைதான். டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனத்துக்காக அறுபதுகளில் ஏராளமான வெற்றிப் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயர், 1971-ல் மார்வின் கேயின் ஆல்பம் ஒன்றில்தான் அட்டையில் இடம்பிடித்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன்.

அடுத்தவர் பாட்டை வாசிக்கிற குழுவை கவர்ஸ் பேண்ட் என்கிறார்கள். நமக்கு அது ஆர்கெஸ்ட்ரா, கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால் மெல்லிசைக் குழு. இளக்காரமாக நினைக்க வேண்டாம், எஸ்.பி. பாலசுப்ரமணியம் சினிமாவில் பெயர் வாங்குவதற்கு முன்பு நடத்திய மெல்லிசைக் குழுவில்தான் இளையராஜா கிட்டாரும் ஆர்மோனியமும் வாசித்தார். கங்கை அமரனும் பாஸ்கரும் உடன் இருந்தார்கள். இந்த வேலையின் குணம் என்னவென்றால், ஒரே மேடையில், ஒரே வாத்தியத்தில், எம்.எஸ்.வி.யின் அறுபதுகளையும் ராஜாவின் எண்பதுகளையும் போன வாரம் வெளியான குத்துப்பாட்டையும் வாசித்தாக வேண்டும். மூன்றுக்கும் மூன்று விதமான பேஸ் சத்தம். மூன்று பேஸ் கிட்டார் தூக்கிக்கொண்டு போக நம்மால் ஆகாது. எனவே, கடையில் எது நன்றாகக் கேட்கிறது என்று பார்ப்பதைவிட, உங்கள் பாடகர் யார், மண்டபம் எது என்று முதலில் பாருங்கள்.

பாடகரிலிருந்து தொடங்கலாம். மேடையில் பாட்டு ஆரம்பிக்கப் பத்து விநாடி இருக்கும்போது அவர் திரும்பி, ‘இன்னிக்குத் தொண்டை சரியில்ல, ஒரு கட்டை இறக்கிக்கலாமா?’ என்பார். கீபோர்டுக்காரர் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு அப்பாவியாகப் பார்ப்பார். மாட்டிக்கொள்வது பேஸ்காரர்தான். நான்கு கம்பி பேஸின் தடித்த கம்பி மூன்று கட்டை, அதாவது மேற்கத்திய முறையில் ஈ. அதற்குக் கீழே ஒன்றும் கிடையாது. மூன்று கட்டைப் பாட்டு இரண்டு கட்டைக்கு இறங்கினால், பாட்டின் ஆதார சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே போய்த்தான் பிடிக்க வேண்டும்; வீட்டுக்கு அஸ்திவாரத்தை மாடியில் போட்ட மாதிரி இருக்கும். ஐந்தாவது கம்பி இருந்தால் கீழ் ஏழு கட்டை வரை இறங்கலாம். கச்சேரிக்கே வாங்குவதானால் ஐந்து கம்பி என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு காரணம் போதும். ஆனால் உங்கள் பன்னிரண்டாயிரத்துக்குள் ஐந்து கம்பி வாங்காதீர்கள். மலிவான பேஸில் அந்த ஐந்தாவது கம்பி தொளதொளவென்று கிடக்கும், சுரம் தெளியாது. நல்ல நான்கு கம்பி வாங்குங்கள். இறங்கச் சொன்னால் தடித்த கம்பியை இரண்டு கட்டைக்குத் தளர்த்திக்கொள்ளுங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அறிவிப்பாளர் பேசுகிற நேரம் அதற்குத் தாராளம்.

கடையில் ஏமாறுகிற இடம் இன்னொன்று. தனியாக வாசித்துப் பார்க்கும்போது அடிவயிறு அதிர, மேலே கம்பி கிணுகிணுக்க, நடுவே குழிந்து கேட்கிற பேஸ் எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. நான்கு மாதச் சேமிப்பைக் கொட்டி, உள்ளே பேட்டரி போட்டு ஓடுகிற ஆக்டிவ் வகை ஒன்றை வாங்கினேன், பளபளவென்று. முதல் கச்சேரியில் டிரம்ஸ், கீபோர்டு, டோலக், இரண்டு பாடகர்கள் எல்லோரும் சேர்ந்ததும் என் பேஸைக் காணோம். மேடையில் கேட்க வேண்டியது அந்தக் குழிந்த நடுப்பகுதிதான். கடையில் மொண்ணையாக, அழகில்லாமல், ‘ம்ம்’ என்று முனகுகிற பேஸ்தான் கூட்டத்தில் தன் இடத்தில் நிற்கும்.

அதே பேஸ் இரண்டாவது கச்சேரியில் என்னை முழுதாகக் கைவிட்டது. ஆக்டிவ் பேஸில் கேபிள் செருகியிருக்கிற நேரமெல்லாம் பேட்டரி கரையும். முந்தின நாள் ரிஹர்சல் முடிந்து கேபிளைப் பிடுங்காமல் தூங்கப் போனது நான். வரவேற்பில் ஆறாவது பாட்டில் சத்தம் கரகரத்து, மெலிந்து, நின்றேவிட்டது. மேடையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். கீழே யாருக்கும் தெரியவில்லை என்று சமாதானம் செய்துகொண்டேன். சாப்பிட்டுவிட்டு வந்த ஒரு பாட்டி மேடையோரம் நின்று கேட்டார்: “ஏன் கண்ணு, பாட்டு திடீர்னு எளச்சுப் போச்சு?”

என் வாழ்நாளில் பேஸ் கிட்டாருக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை. ‘அதென்ன பேஸ் கிட்டார்?’ என்று எழுதியவர்கள் இதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். (இதைப் பத்திரிகை ஆசிரியரின் வேலையோடு ஒப்பிட்டு இரண்டு பத்தி எழுதச் சொல்லி உள்ளே ஒரு குரல் கேட்கிறது. எழுதப்போவதில்லை.)

ஆகவே தம்பி, பேட்டரி இல்லாத சாதாரண வகை போதும். லியோ ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்த ப்ரிசிஷன் பேஸின் அச்சில் வந்தவை இன்றும் எல்லா விலையிலும் கிடைக்கின்றன. ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிச் சுமந்தும் கூட்டத்தில் யாருக்கும் கேட்காமல் போன வாத்தியக்காரர்களுக்காக அவர் செய்தது அது. கழுத்தின் குறுக்கே ஃப்ரெட் என்ற உலோகக் கட்டைகள் இருப்பதால் சுரம் பிசகாமல் துல்லியமாக விழும், அதனால் அந்தப் பெயர். இத்தனைக்கும் ஃபெண்டருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. பழைய பேஸ் வாங்கினாலும் தப்பில்லை. வாங்கும்போது கழுத்தை மட்டும் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, துப்பாக்கி குறிபார்க்கிற மாதிரி பாருங்கள். லேசான வளைவு இருந்தால் உள்ளே இருக்கிற இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். முறுக்கிக்கொண்டிருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். கடலோர ஊர்களில் இருந்த வாத்தியம் என்றால் திருகாணிகளில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கம்பிக்கு வருவோம். மேலே வழவழவென்று தட்டையாகச் சுற்றிய ஃபிளாட்வுண்ட் கம்பி போட்டால் எழுபதுகளின், எண்பதுகளின் ‘தும் தும்’ கிடைக்கும். நெளிநெளியான ரவுண்ட்வுண்ட் போட்டால் புதுப்பாட்டுகளுக்கு வேண்டிய கூர்மை வரும். ஜேமர்சன் ஃபிளாட்வுண்ட் கட்சி. அறுந்தால் ஒழியக் கம்பியை மாற்றமாட்டார். அதோடு ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே எல்லாவற்றையும் வாசித்தார். நான் ரவுண்ட்வுண்ட் போட்டுக்கொண்டு, பழைய பாட்டு வரும்போது கம்பிகளுக்கு அடியில், பிரிட்ஜ் ஓரமாக, பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் ஒரு துண்டைச் செருகிவிடுவேன். இருபது ரூபாயில் நாற்பது வருஷம் பின்னால் போய்விடலாம். கம்பி செத்துப்போனால் வெந்நீரில் கொதிக்கவைத்து, துடைத்து, காயவைத்து மாட்டினால் ஓரிரு கச்சேரிக்குத் தாங்கும். இதற்கென்று தனிப் பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள். ரசம் வைக்கிற பாத்திரத்தில் நான் ஒருமுறை செய்துவிட்டு, இன்றுவரை திட்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆம்ப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்வேன், ஏனென்றால் கொஞ்சம்தான் வேண்டும். 1969-ல் ஆம்பெக் நிறுவனம் எஸ்.வி.டி. என்று 300 வாட் ஆம்ப் ஒன்றைக் கொண்டுவந்தது. தலைப்பெட்டி மட்டுமே 35 கிலோவுக்கு மேல். எட்டு ஸ்பீக்கர் கொண்ட பெட்டி வேறு. இன்று அதைவிடச் சக்தியுள்ளது மூன்று கிலோவுக்குள் தோள்பையில் அடங்கிவிடுகிறது. நம்மூரில் அதுகூட உங்கள் காதுக்கு மட்டும்தான். கூட்டத்துக்குச் சத்தம் போவது சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்ஸர் வழியாக. எனவே காசு மிச்சமிருந்தால் ஒரு டி.ஐ. பாக்ஸ் வாங்குங்கள். பேஸிலிருந்து மிக்ஸருக்கு நீளமாக கேபிள் இழுத்தாலும் இரைச்சல் ஏறாமல் அது காப்பாற்றும். ஜெனரேட்டரில் ஓடுகிற திருவிழா மேடைகளில் கேட்கிற ‘ங்’ என்ற ஓசையையும் பெரும்பாலும் அடக்கிவிடும். பிறகு சவுண்ட் சர்வீஸ்காரரோடு நட்பாக இருங்கள். டீ வந்தால் முதல் டம்ளரை அவருக்கு நீட்டுங்கள். உங்கள் ஆம்பைவிட அவர் கையில் இருக்கிற ஒரு திருகுக்கு வலு அதிகம்.

மண்டபத்தைப் பற்றியும் ஒன்று. நான்கு கம்பி பேஸின் கடைசி சுரம் விநாடிக்கு 41 அதிர்வு. அதன் அலை ஒன்றின் நீளமே 8 மீட்டருக்கும் மேல். கான்கிரீட் சுவரும் டைல்ஸ் தரையுமான நம் மண்டபங்களில் அது அங்கங்கே முட்டி, ஓரிடத்தில் குமுறும், ஓரிடத்தில் காணாமல் போகும். மேடையில் உங்களுக்குச் சரியாகக் கேட்டதை நம்பாதீர்கள். பாட்டு பார்க்கும்போது நண்பர் ஒருவரைப் பந்தி வாசல் வரை நடந்துபோய்க் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ‘குறை’ என்றுதான் சொல்வார். குறைத்துவிடுங்கள்.

தோளுக்கு மூன்று அங்குல அகலமான பட்டை. வாத்தியம் நான்கு கிலோ இருக்கும், கச்சேரி மூன்று மணி நேரம். இருபது வயதில் இது புரியாது.

என் பளபளப்பான ஆக்டிவ் பேஸை விற்றுவிட்டு, நிறம் மங்கிய பழைய ஐந்து கம்பி ஒன்றை வாங்கிப் பதினோரு வருஷமாகிறது. வருகிற வைகாசியில் ஏழு கச்சேரிகள் இருக்கின்றன. உங்கள் வீட்டு வரவேற்பில் எங்கேயாவது என்னைப் பார்த்தால், சாப்பிட்ட பிறகு மேடைப் பக்கம் வந்து ‘கேட்குது’ என்றோ ‘கேட்கலை’ என்றோ ஒரு சைகை காட்டிவிட்டுப் போங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்த நெல்லை மாணவரின் பன்னிரண்டாயிரம், பேஸ், ஆம்ப், கேபிள் மூன்றுக்கும் சேர்த்து எட்டாது. கல்லூரிக் காலத்தில் வாங்கி, வேலை, குடும்பம் என்று ஆனபின் பரணில் ஏற்றிவிட்ட பேஸ் கிட்டார் எந்த வாசகர் வீட்டிலாவது இருக்குமானால், அலுவலக முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள். நியாயமான விலை சொல்லுங்கள். கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார்க்க நானே வருகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்