தலைமடையில் வெள்ளம்... கடைமடையில் வறட்சி!

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர் ஒருவர்)

"பொம்மைப் படத்துக்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று இந்த மலரைப் புரட்டும் நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்! டோரேமானையும் ஷின்சானையும் தமிழில் கேட்டு வளர்ந்த கூட்டம்தானே நாம்? ஸ்கூல் விட்டு வந்து யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் டி.வி. முன்னால் உட்கார்ந்து அம்மாவிடம் திட்டு வாங்காதவர் யார்? 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேசில்' தமிழ் பேசிக்கொண்டு தியேட்டருக்கே வந்துவிட்டது. எனவே 'அனிமே' எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் தொடர்களைப் பற்றி நாலு வார்த்தை பேசுவதில் தப்பில்லை. அதிலும், ஆசை காட்டிக் கவிழ்த்த தொடர்களைப் பற்றி!

நானும் என் ஹாஸ்டல் அறைத்தோழனும் ராத்திரி முழித்திருந்து பார்த்தது 'தி ப்ராமிஸ்ட் நெவர்லேண்ட்'. முதல் பருவம் 2019-ல் வந்தது, 12 பகுதிகள். ஓர் அநாதை இல்லம். எம்மா, நார்மன், ரே என்று மூன்று கெட்டிக்காரப் பிள்ளைகள். அவர்கள் 'அம்மா' என்று அழைக்கும் அன்பான பெண்மணி. அங்கிருந்து வெளியே போகும் பிள்ளைகள் தத்துப் போகவில்லை, அரக்கர்களுக்குத் தீனியாகப் போகிறார்கள் என்பது முதல் பகுதியிலேயே தெரிந்துவிடும். அப்புறம் தூக்கம் வருமா? கத்திச் சண்டை கிடையாது. அம்மாவின் மூளைக்கும் பிள்ளைகளின் மூளைக்கும் நடக்கிற சதுரங்கம்தான் மொத்தக் கதையும். 12 பகுதியையும் ஒரே மூச்சில் பார்த்தோம்.

இரண்டாம் பருவம் 2021-ல் வந்தது, 11 பகுதிகள். இங்கேதான் விழுந்தது அடி! மூலக் கதையான மங்கா, அதாவது படக்கதைப் புத்தகம், மொத்தம் 181 அத்தியாயங்கள். முதல் பருவம் எடுத்துக்கொண்டது 37. மிச்சம் 144-ஐ 11 பகுதியில் அடைக்கப் பார்த்தார்கள். அடங்குமா? வாசகர்கள் கொண்டாடிய 'கோல்டி பாண்ட்' கட்டத்தையே தூக்கிவிட்டார்கள். கடைசியில் பெரிய பெரிய சம்பவங்கள் எல்லாம் கல்யாண ஆல்பம் புரட்டுவது போல அசையாப் படங்களாக ஓடி மறைந்தன.

என் அறைத்தோழன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னான்: "ஏலே, இது எங்க ஊரு வாய்க்கா மாதிரில்லா இருக்கு! தலைமடைல தண்ணி தளும்பும். எங்க வயலுக்கு வரும்போது ஈர மண்ணுதாம்ல மிஞ்சும்." அவன் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே ஒரு விவசாயி மகன். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி அணைக்கட்டு அது. கடைமடைக்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்!

குறை எங்கே?

"மூலக் கதையை மாத்திட்டான், அதான் கெட்டுச்சு" என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' 2003-ல் தொடராக வந்தபோது மங்கா முடியவே இல்லை. போன்ஸ் ஸ்டுடியோக்காரர்கள் சொந்தமாக ஒரு முடிவு எழுதி 51 பகுதிகளில் முடித்தார்கள். இன்றைக்கும் அதற்கு ரசிகர்கள் உண்டு. 2009-ல் அதே ஸ்டுடியோ மூலக் கதைப்படி 64 பகுதிகளில் மறுபடி எடுத்தது. அதுவும் ஜெயித்தது. நெவர்லேண்டுக்கோ மூலக் கதை 2020-லேயே முடிந்து கையில் இருந்தது. இருந்தும் கவிழ்ந்தது!

"படம் சுமாரா இருக்கு" என்பது அடுத்த காரணம். இதில் பாதி உண்மை உண்டு. 'ஒன் பன்ச் மேன்' முதல் பருவத்தை 2015-ல் மேட்ஹவுஸ் எடுத்தது. இயக்குநர் ஷிங்கோ நட்சுமே தன் பழக்கத்தில் வெளியிலிருந்து நல்ல நல்ல ஓவியர்களைத் திரட்டினார். ஒரு குத்து விழுந்தால் நம் நெஞ்சு அதிரும். 2019-ல் இரண்டாம் பருவம் வேறு ஸ்டுடியோ, வேறு இயக்குநர். குத்து விழுந்தது, அதிரவில்லை. 2025-ல் வந்த மூன்றாம் பருவம் இன்னும் அதிகத் திட்டு வாங்கியது.

என் தாழ்மையான கருத்து இதுதான்: ஒவ்வொரு தொடரும் முதல் சில பகுதிகளில் நமக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது. ஒன் பன்ச் மேன் கொடுத்த வாக்கு அந்த அதிர்வு. நெவர்லேண்ட் கொடுத்த வாக்கு, 'இந்தப் பிள்ளைகள் யோசித்தே ஜெயிப்பார்கள், யோசிப்பதை நீங்களும் கூட இருந்து பார்க்கலாம்' என்பது. இரண்டாம் பருவத்தில் ஜெயித்ததை மட்டும் காட்டினார்கள், யோசித்ததைக் காட்டவில்லை. வாக்குத் தவறியதுதான் குற்றம். டோரேமான் ஏன் நம்மை ஏமாற்றவில்லை? அது கொடுக்கும் வாக்கு சின்னது, அன்றன்றைக்கே தீர்த்துவிடும்!

கொஞ்சம் கணக்கும் பார்ப்போம்

நாம் டிப்ளமோக்காரர்கள், கணக்குப் போடாமல் திட்டக்கூடாது. திரையில் வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒரே படத்தை மூன்று சட்டத்துக்கு நிறுத்தினாலும் வினாடிக்கு 8 படம் வேண்டும். 22 நிமிடத்துக்கு 10,560! எல்லாக் காட்சியும் அசையாது என்பதால் உண்மையில் குறையும், ஆனாலும் ஆயிரக்கணக்கில்தான். புத்தகக் கம்பெனி, டி.வி. கம்பெனி, இசைக் கம்பெனி எல்லாம் கூட்டாகப் பணம் போட்டுத் 'தயாரிப்புக் குழு' அமைக்கும். வரைகிற ஸ்டுடியோ பல நேரம் கூலிக்கு வேலை எடுத்த காண்ட்ராக்டர் மாதிரிதான். தேதியும் தொகையும் முதலிலேயே முடிவாகிவிடும். தேதி நெருங்கும்போது அடி வாங்குவது கடைசிப் பகுதிகள். எனவே நண்பர்களே, படம் வரைந்தவனைத் திட்டாதீர்கள். அவனும் ஒரு கடைமடைக்காரன்தான்!

இனி நம் கதை

இவ்வளவு நியாயம் பேசுகிற நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் டீம் ப்ராஜெக்ட் வாழை நார் பிரிக்கும் மிஷின். முதல் ரிவ்யூவில் பெரிய ஷீட்டில் கலர் கலராக டிராயிங். ஸார்மார் எல்லாம் கைதட்டினார்கள். அந்த டிராயிங்குக்கே மூன்று வாரம் செலவழித்தோம். பிளேடு சுற்றும் டிரம்முக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி வைக்கிற வேலைக்கு மிஞ்சியது இரண்டே நாள். இரண்டாம் ரிவ்யூவில் வாழை மட்டையைக் கொடுத்தோம், கூழாக வந்தது! "நார் எங்கப்பா?" என்றார் ஸார். நெட்டில் எடுத்த போட்டோவைக் காட்டினோம்.

ரூமுக்கு வந்ததும் அறைத்தோழன் கேட்டான்: "அவன் ஸ்லைடு போட்டு முடிச்சதுக்கு ராத்திரி பூரா திட்டுனியே, நீ காட்டுனது என்னல?" எனக்குப் பதில் இல்லை.

இறுதி வைவாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நேற்றிலிருந்து ஒர்க்‌ஷாப்பில் தினமும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, மட்டை கொடுத்துப் பார்க்கிறோம். நேற்று சாயங்காலம் கூழோடு நாலு இழை நாரும் வந்தது.

தோழர்களே! ஆரம்பிக்க எல்லாருக்கும் உற்சாகம் இருக்கிறது. கடைமடைக்கும் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் வைப்போம்!