பறக்கத் தெரிந்த விமானத்துக்கு ரிவர்ஸ் போகத் தெரியாது!

உத்திரமேரூர் பக்கம் நடவு நேரத்தில் ஏரிப் பாசன வயல்களில் இறங்கும் பவர் டில்லரைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். முன்னால் இன்ஜின், பின்னால் நீளமான இரண்டு கைப்பிடிகள், சேற்றில் வழுக்காமல் இருக்க இரும்பு கேஜ் வீல். ஓட்டுகிறவர் பின்னாலேயே நடந்து வருவார். ஏறக்குறைய இதே சாயலில், இதைவிடச் சின்னதாக ஒரு வண்டி இருக்கிறது. அது உழுவதில்லை. விமானத்தை இழுக்கிறது!

விமானத்தை எதற்கு இழுக்க வேண்டும், அதற்குத்தான் இன்ஜின் இருக்கிறதே என்று தோன்றும். அங்கேதான் விஷயம். காரில் இன்ஜின் சக்கரத்தைச் சுற்றும். விமானத்தின் சக்கரங்களுக்கும் இன்ஜினுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. அவை சும்மா உருள்பவை. முன்னால் சுழலும் புரொப்பெல்லர் காற்றைப் பின்னுக்குத் தள்ளுவதால்தான் விமானம் முன்னால் நகர்கிறது. பயிற்சிப் பள்ளிகளில் இருக்கும் ஒற்றை இன்ஜின் விமானங்களில் ரிவர்ஸ் கியர் என்ற பேச்சே இல்லை. ஷெட்டுக்குள் விட வேண்டும் என்றால் இன்ஜினை அணைத்துவிட்டு, கையால்தான் தள்ள வேண்டும்.

தள்ளலாம்தான். 2021 டிசம்பரில் நேபாளத்தின் பாஜுரா விமான நிலையத்தில் தாரா ஏர் விமானத்தின் டயர் வெடித்து, ஓடுபாதையிலேயே அது நின்றுவிட்டது. பயணிகளே சேர்ந்து தள்ளி ஓரங்கட்டிய வீடியோ நம் வாட்ஸ்அப் வரை வந்து சிரிக்க வைத்தது. ஆனால், தினமும் அதற்கு ஆள் கிடைக்குமா?

உலகிலேயே அதிக எண்ணிக்கையில் தயாரான விமானம் செஸ்னா 172. நான்கு பேர் உட்காரலாம். காலி எடை சுமார் 750 கிலோ, அதாவது ஒரு மாருதி ஆல்ட்டோ அளவு. வழவழப்பான சிமென்ட் தரையில் இரண்டு பேர் தள்ளினால் நகர்ந்துவிடும். ஈரப் புல் என்றாலோ, ஹேங்கர் வாசலில் லேசான ஏற்றம் என்றாலோ இடுப்பு பிடித்துக்கொள்ளும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஆல்ட்டோவை எங்கே கை வைத்தும் தள்ளலாம். விமானத்தின் உடம்பு மெல்லிய அலுமினியத் தகடு. வால் சிறகில் கை வைத்து அழுத்தினால் நெளிந்துவிடலாம். நெளிந்த சிறகோடு பறக்க முடியாது.

அப்போது கைக்கு வாகாகத் தெரிவது புரொப்பெல்லர். இருப்பதிலேயே ஆபத்தான இடமும் அதுதான்.

பழைய டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். பேட்டரியே இல்லாவிட்டாலும் மிதித்தால் ஸ்டார்ட் ஆகும். காரணம் மேக்னட் காயில்; சுற்றினாலே அதுவாக ஸ்பார்க் கொடுத்துவிடும். பெரும்பாலான சின்ன விமான இன்ஜின்களிலும் இதே மேக்னெட்டோதான். சாவியை ஆஃப் செய்தால் ஒரு ஒயர் வழியாக அதை எர்த் செய்து அடக்கி வைக்கிறார்கள். அந்த ஒயர் அறுந்திருந்தால்? சாவி பாக்கெட்டில் இருக்கும், மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். சிலிண்டரில் கொஞ்சம் பெட்ரோல் மிச்சமிருந்து, தள்ளுகிற வேகத்தில் புரொப்பெல்லர் லேசாகத் திரும்பினால் போதும், கை போய்விடலாம். உயிரே போகலாம். அதனால்தான் நிற்கிற புரொப்பெல்லரையும் ஓடுகிற புரொப்பெல்லராகவே நினைக்கச் சொல்லி, பயிற்சியின் தொடக்கத்திலேயே மாணவர்கள் தலையில் ஏற்றுகிறார்கள்.

கையில் தூக்கிப்போகும் இழுவைக் கருவிகள் வந்த கதை இதுதான். ஆரம்பம் வெறும் இரும்புக் கம்பி. முன்சக்கரத்தில் மாட்டி இழுக்க வேண்டியது. அடுத்தது கொஞ்சம் குறும்பானது: தச்சர்கள் வைத்திருக்கும் பேட்டரி டிரில்லிங் மெஷினை அந்தக் கம்பியில் பொருத்தி, அது சுற்றும் ரோலரை விமானத்தின் டயரிலேயே அழுத்திவிடுகிறார்கள். டயர் தானாக உருளும். அதற்கும் மேலே, பேட்டரியிலோ பெட்ரோலிலோ ஓடும், பின்னால் நடந்து ஓட்டுகிற வண்டிகள்.

இவ்வளவு சின்ன வண்டி முக்கால் டன்னை எப்படி நகர்த்துகிறது? குதிரைத்திறன் பெரிய விஷயமே இல்லை, பிடிமானம்தான் விஷயம். வண்டி இலேசாக இருந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கும். பரம்பு அடிக்கும்போது பலகை மண்ணில் அழுந்த அதன் மேல் ஒருவர் ஏறி நிற்பார் இல்லையா, அதே யோசனைதான். முன்சக்கரத்தை அப்படியே தூக்கித் தன் மேல் வைத்துக்கொள்கிறது வண்டி. விமானத்தின் எடையே அதன் சக்கரங்களைத் தரையோடு அழுத்திவிடும். ஜெர்மனியின் மோட்டோடாக் நிறுவனம் இதே உத்தியில் ரிமோட்டில் இயங்கும் பெரிய வண்டிகளையும் செய்கிறது. லண்டன் ஹீத்ரோவில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் அவற்றைப் பயன்படுத்துகிறது. இந்தியாவில், பைலட்டே இயக்கும் டாக்ஸிபாட் என்ற பெரிய இழுவை வண்டியை 2019 அக்டோபரில் டெல்லியில் பயணிகளோடு ஓட்டியது ஏர் இந்தியா. காஞ்சிபுரம் மாவட்டத்தில் பரந்தூர் விமான நிலையம் வந்தால் அங்கும் இப்படிப்பட்ட வண்டிகள் ஓடலாம். வர வேண்டுமா என்று ஏகனாபுரம் மக்கள் கேட்பது தனிக் கேள்வி, இதைவிடப் பெரிய கேள்வி.

மோட்டார் வந்ததால் எல்லாம் சுகம் என்றும் சொல்லிவிட முடியாது. செஸ்னா 172-ன் முன்சக்கரத்தை இழுக்கும்போது ஒரு பக்கம் 30 டிகிரிக்கு மேல் திருப்பக் கூடாது. கையால் இழுத்தால், எல்லை வரும்போது 'இதுக்கு மேல வராது' என்று கைக்கே தெரியும். மோட்டாருக்கு அது தெரியாது, உடைத்துவிட்டுத்தான் நிற்கும். இறக்கை முனையிலிருந்து முனை வரை 11 மீட்டர். மூக்குப் பக்கம் நின்று ஓட்டுகிறவரால் இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. ஆகவே இடிக்காமல் பார்க்க இன்னொருவர் வேண்டும். 'ஒரே ஆள் போதும்' என்ற விளம்பரத்தைப் பாதிதான் நம்பலாம்.

எல்லாவற்றையும் விடச் சாதாரணமான தப்பு ஒன்று உண்டு: இழுவைக் கம்பியைக் கழற்ற மறந்து இன்ஜினை ஸ்டார்ட் செய்வது. கம்பி இருப்பது புரொப்பெல்லருக்கு நேர் கீழே. ஒரு அடி பட்டால் போதும், வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் இன்ஜினை முழுசாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். அதனால் பல இடங்களில் அந்தக் கம்பிக்குப் பளிச்சென்ற சிவப்பு ரிப்பன் கட்டியிருப்பார்கள். கம்பியிலிருந்து கையை எடுக்கும் முன் அதைக் கழற்றிவிட வேண்டும் என்பது அங்கே சட்டம், டீ குடிக்கப் போனாலும் சரி.