நட்பு நாட்டின் சிறைகள்

2018 ஜூன் 24-ஆம் தேதி சவுதி அரேபியப் பெண்கள் சட்டத் தடையின்றி காரோட்டினார்கள். உலகத் தொலைக்காட்சிகள் கொண்டாடின. பட்டத்து இளவரசர் முகம்மது பின் சல்மானுக்குச் 'சீர்திருத்தவாதி' என்ற பட்டம் தாராளமாகக் கிடைத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடிய லுஜைன் அல் ஹத்லூல் அன்று சிறையில் இருந்தார். மே மாதம் கைதானவர், 2021 பிப்ரவரியில்தான் வெளியே வந்தார். மின்னதிர்ச்சி கொடுத்துச் சித்திரவதை செய்தார்கள் என்றது குடும்பம், அரசு மறுத்தது. அவர் கைதான செய்தி வராமல் இல்லை. ஆனால், கொண்டாட்டம் முதல் பக்கத்தில், கைது உள்பக்கத்தில்.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஏமனின் தஹ்யானில் அங்கு போரிட்டுவந்த சவுதி தலைமையிலான கூட்டணியின் குண்டு பள்ளிச் சிறுவர்கள் சென்ற பேருந்தின்மீது விழுந்து 40 குழந்தைகள் இறந்தார்கள். அப்போதும் இளவரசரின் பிம்பம் குலையவில்லை. அக்டோபர் 2 அன்று இஸ்தான்புல்லில் உள்ள சவுதி துணைத் தூதரகத்தில், வாஷிங்டன் போஸ்ட் பத்தியாளர் ஜமால் கஷோக்ஜி கொல்லப்பட்ட பிறகே அது உடைந்தது. தன் வீட்டில் இழவு விழுந்தபோதுதான் பத்திரிகை உலகம் விழித்தது என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

2022 மார்ச் 12 அன்று ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றியது சவுதி. ஓரிரு நாளில் செய்தி அடங்கியது. செப்டம்பரில் ஈரானில் காவலில் இருந்த மஹ்சா அமினி இறந்தபோது மாதக்கணக்கில் எழுதினார்கள். ஈரானைப் பற்றி எழுதியதில் மிகையில்லை. சவுதியைப் பற்றி எழுதியதுதான் போதாது. ஒன்று மேற்குலகின் பகை நாடு, மற்றது எண்ணெயும் ஆயுத ஒப்பந்தமும் உள்ள நட்பு நாடு. இந்த ஓரவஞ்சனையால் லாபம் தெஹ்ரானுக்கே. உண்மையான குற்றச்சாட்டையும் 'மேற்கத்தியப் பொய்' என்று தள்ளிவிட அது வாய்ப்பளிக்கிறது.

தமிழ் நாளேடுகளும் தப்பவில்லை. வெளிநாட்டுச் செய்திக்கு நாமும் சர்வதேச நிறுவனங்களையே நம்புகிறோம். அவற்றின் அழுத்தமும் மௌனமும் சேர்ந்தே வருகின்றன. சவுதியில் தமிழர்கள் வேலை பார்க்கிறார்கள். அங்குள்ள சிறைகளும் நீதிமன்றங்களும் நமக்குத் தொலைதூரச் செய்தி அல்ல.

2034 உலகக் கோப்பை கால்பந்து சவுதியில் நடக்கப்போகிறது. மைதானங்களின் பளபளப்பை அச்சிடும் பத்திரிகைகள், அதே பக்கத்தில் அங்குள்ள கைதிகளுக்கும் மரண தண்டனைகளுக்கும் இடம் தர வேண்டும். தராவிட்டால் வாசகர்கள் ஆசிரியருக்குக் கடிதம் எழுதிக் கேட்கட்டும்.