போட்டோ எடுத்த தேதி எது?

கேமராவிலிருந்து காப்பி செய்த போட்டோ மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். பெரும்பாலும் மாடிஃபைட் தேதி, கிரியேட்டட் தேதிக்கு முந்தியதாக இருக்கும். பிறக்கும் முன்பே திருத்த முடியுமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். விண்டோஸில் கிரியேட்டட் என்பது அந்த நகல் உங்கள் டிஸ்க்கில் உருவான நாள், அவ்வளவுதான். மாடிஃபைட் பழைய பைலிலிருந்து அப்படியே வருகிறது. புதியவர்களைக் குழப்புவதற்கென்றே வைத்த பெயர் என்பது என் கருத்து!

எடுத்த நாள் வேண்டுமென்றால் டீடெய்ல்ஸ் டேபைக் கிளிக் செய்து 'டேட் டேக்கன்' பாருங்கள். 1995-ல் ஜப்பானில் வெளியான எக்ஸிஃப் முறைப்படி, கேமராவே இதைப் பைலுக்குள் எழுதிவிடுகிறது. எத்தனை முறை காப்பி செய்தாலும் மாறாது. கேமராவின் கடிகாரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் இந்தத் தேதி போய்விடும். டாகுமென்ட்டாக அனுப்பினால் தங்கும். ஆகவே வாட்ஸ்அப்பில் வந்த நகல் இருக்கிறதே என்று, தாத்தாவின் படங்கள் உள்ள மெமரி கார்டை பார்மட் செய்துவிடாதீர்கள். முதலில் ஒரிஜினல் பைல்களை ஹார்ட் டிஸ்க்கில் சேமியுங்கள்.