பிளக்கைப் பிடுங்கிப் பார்!



ஆண்டு மலர் என்றால் கவிதை வரும், கல்லூரி நினைவுகள் வரும். நான் ஒரு மீன் தொட்டியைப் பற்றி எழுதப் போகிறேன். “டிப்ளமோ படிக்கிறவனுக்கு மீனோட என்னப்பா வேலை?” என்று கேட்காதீர்கள். நாம் படிக்கும் ஹைட்ராலிக்ஸில் பாதி, அந்தத் தொட்டிக்கு அடியில் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்கிவிடும். அதற்குப் பெயர் சம்ப்.

கடல் மீன் தொட்டியில் மேலே வழியும் தண்ணீர் குழாய் வழியாகச் சம்புக்கு இறங்கும். முதல் அறையில் துணிப்பை குப்பையைப் பிடிக்கும். அடுத்த அறையில் புரோட்டீன் ஸ்கிம்மர் நுரை கிளப்பி அழுக்கைத் தள்ளும். மூன்றாவது அறையில் பீங்கான் வளையங்கள். அவற்றின் மேல் வளரும் பாக்டீரியாக்கள், மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். (பவளப்பாறைத் துண்டை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். 2001 முதல் கடினப் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன.) கடைசி அறையில் பம்ப், தண்ணீரை மறுபடி மேலே ஏற்றும்.

காஞ்சிபுரத்துக்காரனுக்கு இது புதிதா என்ன? தென்னேரிப் பக்கம் போய்ப் பாருங்கள். ஏரியின் நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது கலங்கல்தான். தொட்டிக்கும் அதே கதை. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் பற்றிச் சொல்கின்றன. ஏரி கட்டியவன் கலங்கலை வைத்தது சாதாரண நாளுக்காக அல்ல, வெள்ளம் வரும் நாளுக்காக!

நாமோ எல்லாவற்றையும் ஓடுகிற நிலைக்கே வரைகிறோம். “நின்றால் என்ன ஆகும்?” என்று கேட்பதே இல்லை. என் வாதம் இதுதான்.

ஒரு உதாரணம். என் சித்தப்பா வீட்டு முன்கூடத்தில் குழித்தறி இருக்கிறது. அதே கூடத்தில் கடல் மீன் வளர்க்க அவருக்கு ஆசை. “நீ மெக்கானிக்கல்தானே, பார்த்து சம்ப் போட்டுக் குடுடா” என்றார். தொட்டி 120 x 45 x 50 செ.மீ., அதாவது 270 லிட்டர். சம்ப் 75 x 40 x 40. ஓடும்போது அதில் 20 செ.மீ. தண்ணீர், 60 லிட்டர். மொத்தம் 330 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் வீதம் பதினொன்றரை கிலோ உப்பு!

தொட்டி விற்ற கடையில் கொடுத்த படத்தில், பம்பிலிருந்து வரும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தது. ஓடும்போது பார்க்க அழகுதான். ஆனால் கரண்ட் போச்சுன்னா? அதே குழாய் சைஃபன் ஆகிவிடும். வாய் வெளியே தெரியும்வரை தண்ணீர் கீழே இறங்கும். 120 x 45 x 10 செ.மீ., ஆக 54 லிட்டர். வழிவுப் பெட்டியிலும் குழாய்களிலும் இருக்கும் ஏழெட்டு லிட்டரையும் சேருங்கள். சம்பில் இருக்கும் இடமோ 60 லிட்டர். மிச்சம் எங்கே போகும்? தரைக்கு. தரையில் தாழ்ந்த இடம் எது? தறிக்குழி! நெசவாளி கால் வைக்கும் பள்ளத்தில் உப்புத் தண்ணீர். பாவில் தெறித்தால் கல்யாணப் புடவை கறைபடும், பல நாள் கூலி போச்சு.

“நான்ரிட்டர்ன் வால்வு போட்டால் தீர்ந்தது” என்பார்கள். உப்பும் பாசியும் படிந்தால் வால்வு சரியாக மூடாது. இன்வெர்ட்டர் போடலாம். பேட்டரி தீர்ந்தால்? ஆகவே குழாயின் வாயை 3 செ.மீ. ஆழத்துக்கு உயர்த்தினோம். 2 செ.மீ. ஆழத்தில் காற்று புகச் சின்னத் துளை ஒன்றும் போட்டோம். துளை அடைத்துக்கொண்டாலும் இறங்குவது 16 லிட்டர்தான். எட்டு லிட்டர் சேர்த்தால் 24. சம்பில் மட்டம் 20-லிருந்து 28 செ.மீ. ஆகும். அவ்வளவே! வழிய வாய்ப்பில்லை. சம்பில் 20 செ.மீ.-இல் ஒரு கோடும் கிழித்தோம். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அல்ல. ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், அதுவும் பம்ப் ஓடும்போது, கோடு வரைதான்.

உப்பு போடும் முன்னே, வெறும் தண்ணீர் நிரப்பிப் பத்து தடவை பிளக்கைப் பிடுங்கினோம். சித்தி பக்கத்தில் துணியோடு நின்றார். துணிக்கு வேலை வரவில்லை.

இன்னொன்று. பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிற்கும் நாட்களும் உண்டு. மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்று தொட்டியோடு சேர்ந்த செலவு. ஆடம்பரம் அல்ல.

தோழர்களே, நம் புராஜெக்ட் கண்காட்சியில் என்ன நடக்கிறது? சுவிட்ச் போடுகிறோம், சுற்றுகிறது, கைதட்டுகிறார்கள், மார்க் விழுகிறது. நான் கேட்பது ஒன்றுதான். மார்க் போடும் முன்னே ஒரு தடவை பிளக்கைப் பிடுங்குங்கள்! லிஃப்ட் மாடல் பாதி வழியில் நிற்கிறதா, விழுகிறதா? கன்வேயர் பின்னால் வழுக்குகிறதா? மறுபடி கரண்ட் வந்ததும் தானாகக் கிளம்பிக் கையை நசுக்குமா? இதற்குப் பதில் சொல்பவனுக்கு முழு மார்க் கொடுங்கள்.

நாளை நாம் போடும் பைப்லைனுக்குப் பக்கத்தில் யாரோ ஒருவருடைய தறி இருக்கும். அதை நினைத்து வரைவோம்!