டெக் ஸ்டக் ஆகுதா? சேர்க்காதீங்க, எடுங்க

நம்ம ஹாஸ்டல்ல இந்த செமஸ்டர் அதிகமா கேக்குற கேள்வி எது தெரியுமா? "இன்டர்னல் எப்ப?" இல்ல. "மாப்ள, டெக் ஸ்டக் ஆகிட்டே இருக்கு, என்ன கார்டு சேர்க்கலாம்?" இதுதான். போகிமான் டிசிஜி பாக்கெட் 2024 அக்டோபர் 30 அன்னைக்கு வந்ததுல இருந்து பழனிசெட்டிபட்டி டீக்கடை பெஞ்சு வரைக்கும் இந்தக் கேள்வி போயிருச்சு. பதிலும் ரெடியா இருக்கும்: "அந்த ஈஎக்ஸ் கார்டு வந்தா செட் ஆகிடும்டா." அது வர்ற வரைக்கும் பேக் உடைக்கணும். ஒரு நாளைக்கு ரெண்டு பேக்தான் சும்மா கிடைக்கும். மீதிக்கு ஜிபே. மாசக் கடைசில மெஸ் பில்லுக்குக் கடன் கேட்டு வர்றவங்க யாருன்னு உங்களுக்கே தெரியும்.

என் கருத்து ஒண்ணுதான். ஸ்டக் ஆகுற டெக்குக்கு கார்டு சேர்க்கறது மருந்து இல்ல, அதுதான் நோயே. டெக்ல இருந்து என்ன எடுக்கணும்னுதான் முதல்ல பாக்கணும்.

இந்தச் சேர்க்கிற புத்தி எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நாமெல்லாம் ஸ்கூல்ல டபிள்யூடபிள்யூஇ ட்ரம்ப் கார்டு ஆடி வளர்ந்தவங்க. அதுல வெயிட் யாருக்கு அதிகம், ரேங்க் யாருக்கு முன்னாடி, அவ்ளோதான். பிக் ஷோ கையில இருந்தா வெயிட்ல ஜெயிச்சாச்சு. ஒரு கார்டுக்கும் அடுத்த கார்டுக்கும் எந்த உறவும் கிடையாது. டெக் கட்டுற ஆட்டம் அப்படி இல்ல. அது ரம்மி மாதிரி. கையில ராஜாவும் ராணியும் நிறைய இருந்து என்ன பண்ண, சீக்வென்ஸ் சேரலைன்னா அத்தனையும் பாயின்ட்டுதான்.

ஒரு நிஜ டெக்கைப் பார்ப்போம். தேர்டு இயர் நண்பர் ஒருத்தரோடது, அவர் சம்மதத்தோட எழுதுறேன். சார்மண்டர் 2, சார்மீலியன் 1, சாரிசார்ட் ஈஎக்ஸ் 2, மோல்ட்ரெஸ் ஈஎக்ஸ் 1, மியூடூ ஈஎக்ஸ் 2, ஆர்ட்டிகூனோ ஈஎக்ஸ் 2. போகிமான் மட்டும் பத்து. மீதி பத்துல சப்ரினா 2, ஜியோவானி 2, போஷன் 2, எக்ஸ் ஸ்பீட் 2, போக்கே பால் 1, ப்ரொஃபசர்ஸ் ரிசர்ச் 1. எனர்ஜி: ஃபயர், சைக்கிக், வாட்டர். பாக்க ஐபிஎல் ஏலத்துல எல்லா ஸ்டாரையும் வாங்குன டீம் மாதிரி கம்பீரமாத்தான் இருக்கும். ஆனா பாதி மேட்ச்ல சாரிசார்ட் களத்துக்கே வராது.

முதல்ல எனர்ஜி. பாக்கெட்ல எனர்ஜி கார்டே டெக்ல கிடையாது. எனர்ஜி ஸோன் டர்னுக்கு ஒண்ணு கொடுக்கும், நீங்க மூணு வகை வச்சிருந்தா அதுல எது வரும்னு அதுவா முடிவு பண்ணும். சாரிசார்ட் ஈஎக்ஸ் 200 டேமேஜ் அடிக்க நாலு எனர்ஜி வேணும், அதுல ரெண்டாவது ஃபயரா இருக்கணும். ஒரே வகை வச்சிருந்தா இந்தக் கவலையே இல்ல. மூணு வகை வச்சா, நாலு எனர்ஜியில குறைஞ்சது ரெண்டு ஃபயர் வர வாய்ப்பு 81-ல 33, அதாவது 41 சதவீதம். ஒரு தடவை அடிச்சதும் ரெண்டு ஃபயரை வேற தூக்கிப் போடணும், அப்புறம் திரும்ப முதல்ல இருந்து.

"ஒரே டைப் வச்சா வீக்னஸ்ல மாட்டிக்குவோமே"ன்னு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா பாக்கெட்ல வீக்னஸ்னா கூடுதலா 20 டேமேஜ், அவ்ளோதான். பேப்பர் கார்டு ஆட்டத்துல மாதிரி டேமேஜ் ரெண்டு மடங்கு ஆகாது. அந்த 20-க்குப் பயந்து 59 சதவீதம் ஸ்டக் ஆகுற டெக்கைத் தூக்கிட்டுப் போறது, மழை வரும்னு வெயில் காலம் பூரா ரெயின்கோட் போட்டுத் திரியுற கதை.

அடுத்து வரிசை. சாரிசார்ட் ஸ்டேஜ் 2. சார்மண்டர், சார்மீலியன், சாரிசார்ட் மூணும் கைக்கு வரணும். ரேர் கேண்டி இல்லாட்டி சீக்கிரமா வந்தாலே உங்க மூணாவது டர்ன்தான். அதுக்குள்ள நீங்க பாக்குறது தொடக்கக் கை அஞ்சு, டர்னுக்கு ஒண்ணா மூணு, மொத்தம் எட்டு கார்டு. இருபதுல எட்டு. இங்கதான் நம்ம பிராபபிலிட்டி பேப்பர் உதவுது (அரியர் வச்சவங்களும் போடலாம், வெறும் காம்பினேஷன்தான்). சார்மீலியன் ஒண்ணே ஒண்ணு இருக்குற 2-1-2 அமைப்புல அந்த எட்டுக்குள்ள மூணும் வர வாய்ப்பு 14 சதவீதம். ஏழு மேட்ச்ல ஒண்ணு! இன்னொரு சார்மீலியன் போட்டு 2-2-2 ஆக்கினா 24. அதே 2-2-2 டெக்ல எட்டுக்குப் பதிலா பத்து கார்டு பாத்திருந்தா 41. பன்னெண்டு பாத்திருந்தா 60. தொடக்கக் கையில ஒரு பேசிக் கண்டிப்பா வரும்ங்கற சலுகையை இதுல நான் சேர்க்கல. அதைச் சேர்த்தா நிலைமை இன்னும் கொஞ்சம் நல்லாருக்கும்.

இந்த எட்டு எப்படிப் பத்தாகும், பன்னெண்டாகும்? ப்ரொஃபசர்ஸ் ரிசர்ச் ஆளுக்கு ரெண்டு கார்டு இழுத்துக் கொடுக்கும். நண்பர் அதை ஒண்ணு மட்டும் வச்சிருந்தார், "அது அடிக்காதே" என்கிற காரணத்தால. அடிக்கிற கார்டை எடுத்துட்டு வர்ற கார்டு அதுதானே? வாய்க்கால்ல தண்ணி வராதப்ப நம்மூர்ல யாரும் இன்னொரு கட்டு நாத்து வாங்கிட்டு வர்றதில்ல, மடை எங்க அடைச்சிருக்குன்னுதான் போய்ப் பாக்குறாங்க.

போக்கே பாலும் இதே கதை. டெக்ல இருந்து ஏதோ ஒரு பேசிக்கை அது கொண்டு வரும். நண்பர் டெக்ல பேசிக் மொத்தம் ஏழு, அதுல சார்மண்டர் ரெண்டுதான். பால் போட்டா மியூடூ வரும், சைக்கிக் எனர்ஜி இருக்காது. மியூடூவையும் ஆர்ட்டிகூனோவையும் எடுத்துட்டா மிஞ்சுறது சார்மண்டர், மோல்ட்ரெஸ் மட்டும். எது வந்தாலும் வேலைக்கு ஆகும். மோல்ட்ரெஸ் ஒரு ஃபயர் எனர்ஜியில மூணு காசு சுண்டி, விழுந்த ஹெட்ஸுக்கு ஒண்ணா பெஞ்ச்ல இருக்குற ஃபயர் போகிமானுக்கு எனர்ஜி ஏத்தும். அதையும் ரெண்டாக்கிட்டா டெக் ஓடும்.

சப்ரினா, ஜியோவானி, ரிசர்ச் எல்லாமே சப்போர்ட்டர். டர்னுக்கு ஒண்ணுதான் போடலாம். கையில மூணு சப்போர்ட்டர் இருந்தா ரெண்டு சும்மா உக்காந்திருக்கும். ஜியோவானில ஒண்ணைக் கழட்டலாம்.

இதுல எனக்குக் கோபம் வர்ற இடம் ஒண்ணு இருக்கு. டெக்கைச் சரி பண்ணுற ரிசர்ச்சும் போக்கே பாலும் ஷாப் டிக்கெட்டுக்கே கிடைக்கும். காசே வேண்டாம். ஆனா மினுமினுன்னு இருக்குற கார்டுக்குத்தான் நாம காசு கட்டுறோம், அது வந்ததும் டெக்ல திணிக்கிறோம், டெக் இன்னும் ஸ்டக் ஆகுது, "இன்னும் ஒரு கார்டு வந்தா போதும்"னு திரும்பக் கட்டுறோம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்புல ஐஓடி, ஏஐ, பிளாக்செயின் மூணையும் திணிச்சுட்டு ரிவ்யூ அன்னைக்கு எல்இடி கூட எரியாம நிக்கிறோமே, அதே பழக்கம். படத்துக்காக, சேகரிப்புக்காக வாங்குறேன்னா தாராளமா வாங்குங்க, அது வேற சந்தோஷம். ஜெயிக்கறதுக்காக வாங்குறேன்னு மட்டும் சொல்லாதீங்க.

"நெட்ல டாப் டெக் லிஸ்ட் இருக்கே, காப்பி அடிச்சுட்டுப் போலாமே?" போலாம். ஆனா அதுல ஒரு கார்டு உங்ககிட்ட இல்லாட்டி அதுக்குப் பதிலா எதை வைக்கிறதுன்னு லிஸ்ட் சொல்லாது. அந்தக் கார்டு அங்க என்ன வேலை பாக்குதுன்னு தெரிஞ்சாதான் மாத்த முடியும். ரெக்கார்டு நோட்டுல ரீடிங் காப்பி அடிச்சவன் வைவால முழிக்கிற மாதிரிதான்.

இந்தப் பிரச்சினை புதுசும் இல்ல. 1993-ல 'மேஜிக்: தி கேதரிங்' ஆட்டத்தை உருவாக்குன ரிச்சர்ட் கார்ஃபீல்ட் காம்பினேட்டோரியல் கணிதத்துல டாக்டர் பட்டம் வாங்குனவர். அதுல லேண்ட் கார்டு வராம கை கட்டி உக்காந்திருக்குற நிலைமைக்கு ஆடுறவங்க தனிப் பேரே வச்சிருக்காங்க. பேப்பர் போகிமான்ல 60 கார்டு, ஒரே பேர்ல நாலு வரைக்கும் வைக்கலாம். அங்கயும் நல்ல டெக்னா முக்கியமான கார்டு நாலு நாலா இருக்கும், ஒத்தையா நிக்கிற கார்டு கொஞ்சமாத்தான் இருக்கும்.

அதனால அடுத்த பத்து மேட்சுக்கு ஒரு வேலை பண்ணுங்க. தோத்ததும் "லக் இல்ல"ன்னு ஆப்பை மூடாம, கடைசில கையில போட முடியாம மாட்டிக்கிட்ட கார்டு எதுன்னு மட்டும் ஃபோன் நோட்ஸ்ல எழுதுங்க. பத்துல நாலு தடவை ஒரே பேர் வந்தா அதை எடுங்க, எவ்ளோ ரேர் கார்டா இருந்தாலும் சரி. நண்பரோட லிஸ்ட்ல முதல்ல வந்தது ஆர்ட்டிகூனோ. அதை எடுக்க அவருக்கு ரெண்டு நாள் ஆச்சு. ஃபுல் ஆர்ட்டாம்.

டெக் லிஸ்ட் அனுப்பி யோசனை கேக்குறவங்க, இருபது கார்டோட எந்தெந்த எனர்ஜி வச்சிருக்கீங்கன்னும் சேர்த்து அனுப்புங்க. எனர்ஜி தெரியாம ஒண்ணும் சொல்ல முடியாது.